நான் வெட்டிய கடைசி வரி

எங்கள் மருத்துவமனையின் டியூட்டி டாக்டர்கள் அறையில், ஃபேன் சுவிட்சுக்குக் கீழே ஓர் ஆணி உண்டு. அந்த ஆணியில் ஏழு வருடம் நாற்பது கார்டுகள் தொங்கின. லேமினேட் செய்தவை. நீல ஓரம் போட்டவை. மூலையில் ஓட்டை போட்டு ஒரு வளையத்தில் கோத்தவை. அவற்றை எழுதியவன் நான். எட்டாம் எண் கார்டின் தலைப்பு ‘இரத்த வாந்தி’. அதில் ஆறு வரிகள். ஐந்து சரி. ஒன்று தப்பு. அது கைப்பிழை அல்ல. தெரிந்தே செய்தது.

நான் பொது மருத்துவத்தில் எம்.டி. படித்தவன். காவிரி டெல்டாவில், கடைமடைப் பக்கத்துச் சிறு நகரம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். அறுபது படுக்கை கொண்ட தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம். குற்றம் அதனுடையது அல்ல.

2015-இல் இரண்டு நாள் பயிலரங்கு ஒன்றுக்குப் போய் வந்தேன். சிஸ்டமேட்டிக் ரிவ்யூ என்றால் என்ன, அதை எப்படிப் படிப்பது என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு மருந்தைப் பற்றி உலகில் நடந்த ஆய்வுகளை எல்லாம் தேடி, சலித்து, கூட்டிப் பார்த்து முடிவு சொல்லும் வேலை அது. அதற்கென்றே 1993-இல் பிரிட்டனில் தொடங்கிய அமைப்பு காக்ரேன்.

அதன் சின்னத்தைத் திரையில் காட்டினார்கள். வட்டத்துக்குள் ஏழு படுக்கைக் கோடுகள். கீழே ஒரு சின்ன வைரம். ஒவ்வொரு கோடும் ஓர் ஆய்வு. குறைமாதப் பிரசவம் ஆகப்போகும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தை பிழைக்குமா என்ற கேள்வி. முதல் ஆய்வு 1972-இல் நியூசிலாந்திலிருந்து வந்தது. அடுத்தடுத்து மற்றவை வந்தன. தனித்தனியே பார்த்தால் பல ஆய்வுகளில் தெளிவில்லை. கூட்டிப் பார்த்தால் பதில் தெளிவு. ஆனால் கூட்டிப் பார்க்கவே பதினேழு பதினெட்டு வருடம் ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் பிழைத்திருக்க வேண்டிய குழந்தைகள் செத்தன.

அறையில் சத்தமே இல்லை. என் கண் கலங்கியது. உண்மையாகவே கலங்கியது. ஆராய்ச்சி கட்டில்வரை வந்து சேரத் தாமதமானால் உயிர் போகும் என்று கற்றுக்கொண்டு ஊர் திரும்பினேன். பாதிப் பாடத்தைத்தான் கற்றிருந்தேன்.

வந்ததும் கார்டுகளை எழுத ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை. நானே எழுதினேன். மருந்துப் பெயர் தவிர மற்றதெல்லாம் தமிழில். நர்சுகளும் படிக்கட்டும் என்று சொன்னேன். அதிலும் எனக்கு ஒரு பெருமை. முதுகுக்குப் பின்னால் என்னை ‘எவிடன்ஸ் சார்’ என்று கூப்பிட்டார்கள். கேலி கலந்தது என்று தெரியும். ஆனாலும் பிடித்திருந்தது.

எட்டாம் கார்டை எழுதிய இரவு நன்றாக நினைவிருக்கிறது. டிரானெக்சாமிக் ஆசிட் இரத்தக் கட்டி கரைவதைத் தடுக்கும் மருந்து. விலை குறைவு. 2010-இல் வந்த கிராஷ்-2 என்ற ஆய்வு இருபதாயிரத்துக்கு மேற்பட்ட விபத்துக் காயக்காரர்களிடம் நடந்தது. சீக்கிரம் கொடுத்தால் உயிர் காக்கும் என்று அது காட்டியது. அந்த மருந்தின் மேல் எங்களுக்கெல்லாம் ஒரு காதல். வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தாலும் அது உதவுமா? 2014-இன் காக்ரேன் ரிவ்யூ ஒன்று அதைப் பார்த்திருந்தது. எட்டு ஆய்வுகள். சேர்த்து ஆயிரத்து எழுநூறு பேர். மருந்து வாங்கியவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் இறந்தார்கள். வாங்காதவர்களில் நூற்றுக்கு எட்டு பேர்.

அதோடு அது முடியவில்லை. இன்னொரு செய்தியும் இருந்தது. சில ஆய்வுகளில் பலர் பாதியில் விலகிவிட்டார்கள். ஆகவே மேலும் ஆய்வுகள் வரும்வரை இதை நிச்சயம் என்று சொல்ல முடியாது. இது எங்கோ அறுபதாம் பக்கத்து அடிக்குறிப்பில் இல்லை. எவரும் இலவசமாகப் படிக்கக்கூடிய சுருக்கத்திலேயே, முடிவுரையிலேயே இருந்தது. நான் அதைப் படித்தேன். கார்டிலும் எழுதினேன்.

முதலில் எழுதியது இது: ‘டிரானெக்சாமிக் ஆசிட் கொடுக்கலாம். இறப்பைக் குறைப்பதாகத் தெரிகிறது, காக்ரேன்.’ அடுத்த வரி: ‘பலர் பாதியில் விலகியதால் உறுதியில்லை. மேல் ஆய்வு வர வேண்டும்.’ மொத்தம் ஏழு வரி ஆகிவிட்டது. ஒரு கார்டுக்கு ஆறு வரி என்பது நானே வகுத்த சட்டம். ஏழாவது வரி லேமினேஷன் ஓரத்தைத் தொட்டது.

எழுத்தின் அளவைக் குறைத்திருக்கலாம். வேறு வரியைச் சுருக்கியிருக்கலாம். நான் கடைசி வரியை மவுசால் இழுத்து நீலமாக்கி டெலீட்டை அழுத்தினேன். அதன் பிறகு மிச்ச வரி தயங்கி நிற்பதுபோல் இருந்தது. ‘கொடுக்கலாம்’ என்பதைக் ‘கொடுக்கவும்’ ஆக்கினேன். ‘குறைப்பதாகத் தெரிகிறது’ என்பதைக் ‘குறைக்கும்’ ஆக்கினேன். இப்போது கார்டு பார்க்க அழகாக இருந்தது.

இடமில்லை என்று பிறகு பலரிடம் சொன்னேன். அது காரணம் இல்லை. உறுதியில்லை என்று எழுதினால் படிப்பவர்கள் மருந்தைச் சந்தேகிக்க மாட்டார்கள், என்னைச் சந்தேகிப்பார்கள் என்று தோன்றியது. தெரியாது என்று எழுத எனக்குக் கூச்சம். அவ்வளவுதான்.

இந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அப்போதுதான் என் தப்பின் அளவு புரியும். 1992-இல் பர்ட்டன் ரோஸ் என்ற அமெரிக்கச் சிறுநீரக மருத்துவர் அப்டுடேட் என்ற கருவியைத் தொடங்கினார். அன்று ஃப்ளாப்பியில் வந்தது. இன்று டாக்டர்களின் போனில் இருக்கிறது. டைனாமெட், பி.எம்.ஜே. பெஸ்ட் பிராக்டிஸ் என்று வேறு சிலவும் உண்டு. ஒரு டியூட்டி டாக்டருக்கு நள்ளிரவில் எண்பது பக்க ரிவ்யூவைப் படிக்க நேரம் கிடையாது. அவருக்காக வேறொருவர் படித்து, சாரத்தைப் பிழிந்து, கட்டிலருகே கொண்டுவந்து வைக்கிறார். அதுதான் இந்தக் கருவிகளின் வேலை. என் கார்டின் வேலையும் அதுதான்.

ஆனால் அப்டுடேட்டில் ஒரு பரிந்துரைக்குப் பக்கத்தில் ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் நிற்கும். 1 என்றால் அழுத்திச் சொல்கிறோம். 2 என்றால் தயங்கிச் சொல்கிறோம். ஏ, பி, சி என்பது ஆதாரத்தின் தரம். 1ஏ என்றால் தைரியமாகச் செய்யலாம். 2சி என்றால் யோசித்துச் செய்ய வேண்டும். பக்கத்தின் தலையில் இரண்டு தேதிகள் இருக்கும். எதுவரை வெளியான ஆய்வுகளைப் பார்த்தோம் என்று ஒன்று. பக்கத்தைக் கடைசியாக எப்போது மாற்றினோம் என்று இன்னொன்று. அந்தக் கருவிகளும் தவறலாம். தவறினால் பிடிக்க ஒரு தேதி இருக்கிறது.

என் கார்டில் தரம் இல்லை. தேதி இல்லை. ஆறு வரிக்கும் ஒரே தடிமன். அதே கார்டில், ஈரல் சுருங்கியவருக்கு இரத்த வாந்தி வந்தால் ஆன்டிபயாடிக் போடவும் என்ற வரி இருந்தது. அது உறுதியான ஆதாரம் உள்ளது. உயிர் காப்பது. அதற்குப் பக்கத்தில் இந்த வரி அதே கம்பீரத்தோடு உட்கார்ந்திருந்தது. சரியான ஐந்து வரிகள் தப்பான ஒன்றுக்கு ஜாமீன் கொடுத்தன.

கார்டுகளை யாரோ போனில் படம் எடுத்தார்கள். வாட்ஸ்அப்பில் பக்கத்து ஊர்களுக்குப் போயின. எனக்குப் பாராட்டு வந்தது. தடுக்கவில்லை.

2020 ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தது. பல வருடத்துக்குப் பிறகு உரிய நாளில் திறந்ததால் எங்கள் பக்கம் அதே பேச்சு. எட்டு நாள் கழித்து, ஜூன் 20-இல், லான்செட் இதழில் ஹால்ட்-இட் என்ற ஆய்வு வெளியானது. காக்ரேன் ரிவ்யூ கேட்ட ‘மேல் ஆய்வு’ அதுதான். 15 நாடுகள். 12,009 நோயாளிகள். எல்லோரும் உணவுக்குழாயிலோ வயிற்றிலோ குடலிலோ இரத்தம் கசிந்தவர்கள். முடிவு: ஐந்து நாளுக்குள் இரத்தப்போக்கால் இறந்தவர்கள் இரு பக்கமும் நூற்றுக்கு நான்கு. மருந்தால் பயன் இல்லை. ஆனால் காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைவது, மருந்து வாங்காதவர்களில் ஆயிரத்துக்கு நான்கு, வாங்கியவர்களில் ஆயிரத்துக்கு எட்டு. வலிப்பும் சற்று அதிகம். இந்த நோய்க்கு இந்த மருந்தை இனி ஆய்வுக்கு வெளியே கொடுக்க வேண்டாம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள்.

அந்த மாதமே அதைப் படித்தேன். இரவு, மொட்டை மாடியில், போனில். உடனே எட்டாம் கார்டு நினைவுக்கு வந்தது. நாளைக்குக் கழற்றிவிடலாம் என்று நினைத்தேன். கொரோனா நேரம். நாளை என்பது நகர்ந்துகொண்டே போனது. கொரோனாவைச் சாக்காகச் சொல்ல மாட்டேன். ஒரு கார்டை வளையத்திலிருந்து கழற்ற அரை நிமிடம் போதும். கழற்றினால் ஏன் என்று கேட்பார்கள். ‘எவிடன்ஸ் சார்’ தப்பாக எழுதியிருந்தார் என்று தெரிந்துவிடும். அதுதான் காரணம். மேட்டூர்த் தண்ணீர் எங்கள் கடைமடை வயலுக்கு வந்து சேர்ந்தது. அந்த ஆய்வு என் சட்டைப்பையோடு நின்றது. மடையை அடைத்தவன் நான்.

2021-இல் மருத்துவமனை நிர்வாகம் அப்டுடேட் போன்ற செயலி ஒன்றுக்குச் சந்தா கட்டியது. இளம் டாக்டர்கள் எல்லோரும் போனில் போட்டுக்கொண்டார்கள். நான் போட்டுக்கொள்ளவில்லை.

2022-இல் ஒரு நாள். இரவு இரண்டு மணி இருக்கும். டியூட்டி டாக்டர் கூப்பிட்டார். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆன பெண்.

“தூக்கத்துல எழுப்பிட்டேன், சாரி சார். நாப்பத்தெட்டு வயசு. ரெண்டு தடவ ரத்த வாந்தி. குடிப்பழக்கம் இருக்கு. வயித்துல தண்ணி தெரியுது. டெர்லிப்ரெசின் ஆரம்பிச்சாச்சு. ஆன்டிபயாடிக் போட்டாச்சு. எண்டோஸ்கோப்பிக்குச் சொல்லியாச்சு சார்.”

“நல்லதும்மா. டிரானெக்சா?”

“அதத்தான் சார் கேக்கணும். ஆப்ல வேணாம்னு இருக்கு. பெரிய ட்ரயல் ஒண்ணு வந்திருக்கு போல. நம்ம கார்டுல கொடுக்கவும்னு இருக்கு. எதப் பாக்கறது சார்?”

இங்கேதான் நிறுத்தி நீங்கள் என்னைப் பார்க்க வேண்டும். எனக்கு அந்த ஆய்வு தெரியும். பெயர் தெரியும். எண்கள் தெரியும். இரண்டு வருடமாகத் தெரியும். அந்தப் பெண் செய்ய வேண்டியதை எல்லாம் செய்துவிட்டிருந்தார். நோயாளியைப் பார்த்தார், செயலியைப் பார்த்தார், முரண்பாட்டைக் கண்டார், மேலே கேட்டார். ஆராய்ச்சி ஆயிரக்கணக்கான மைல் கடந்து அந்தக் கட்டிலருகே வந்து நின்றுவிட்டது. “கார்டு தப்பும்மா” என்று இரண்டு சொல் சொன்னால் போதும்.

நான் சொன்னது இது: “ஆப் எல்லாம் வெள்ளக்காரனுக்கும்மா. நம்ம பேஷண்ட் வேற. கார்டுப்படி போடு.”

“சரி சார்.”

அது பொய். அந்த ஆய்வு நடந்த நாடுகளில் பாகிஸ்தான் உண்டு, மலேசியா உண்டு, நைஜீரியா உண்டு. சொல்லும்போதே பொய் என்று தெரியும். போனை வைத்துவிட்டுத் தூங்கினேன். தூக்கம் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்த நோயாளி குட்டியானை வண்டி ஓட்டுபவர். வாழைத்தார், நெல் மூட்டை ஏற்றுவார். விடியற்காலையில் உணவுக்குழாயில் புடைத்திருந்த இரத்தக் குழாய்களுக்கு ரப்பர் வளையம் போட்டுக் கட்டினார்கள். இரத்தம் நின்றது. நிறுத்தியது அந்த வளையம். டிரானெக்சாமிக் ஆசிட் மறுநாள்வரை டிரிப்ஸில் ஓடியது. அவர் மனைவி ரவுண்ட்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க நல்லா இருக்கணும்யா” என்றார். நான் தலையாட்டினேன்.

நான்காம் நாள் அவருடைய இடது கால் வீங்கியது. கெண்டைக்கால் பாறைபோல் இருந்தது. டாப்ளரில் தொடைவரை இரத்தம் உறைந்திருந்தது. இதற்கு மருந்து இரத்தத்தை இளக்குவது. சில நாளுக்கு முன் வாய் வழியே இரத்தம் கொட்டியவருக்கு இரத்தத்தை இளக்கும் ஊசி. கொடுக்காவிட்டால் கட்டி நுரையீரலுக்கு ஏறலாம். கொடுத்தால் மறுபடி இரத்த வாந்தி வரலாம். குறைந்த அளவில் கொடுத்தோம். ஒன்பதாம் நாள் மறுபடி இரத்த வாந்தி வந்தது. மாவட்டத் தலைநகரின் அரசு மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் அனுப்பினோம். மூன்று வாரம் அங்கே இருந்தார். பிழைத்தார். வண்டியை விற்றுவிட்டார்கள். விற்காவிட்டாலும் ஓட்டியிருக்க முடியாது. இடது கால்தான் கிளச்சை மிதிக்கும் கால். அது இன்னமும் மாலையானால் வீங்குகிறது.

அந்த உறைவு என் வரியால்தான் வந்ததா? கணக்கை மறைக்காமல் சொல்கிறேன். ஆயிரத்தில் எட்டுப் பேருக்கு வந்தது. அதில் நான்கு பேருக்கு மருந்தே இல்லாமலும் வந்திருக்கும். எனவே அவர் எந்த நான்கில் சேர்ந்தவர் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. பாதிக்குப் பாதி. சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு என்று சட்டம் சொல்லும். அதை எனக்கு நானே கொடுத்துக்கொள்ள முடியாது. பயன் இல்லை என்று தெரிந்த மருந்தை, ஆபத்து உண்டு என்று தெரிந்த மருந்தை, மானத்துக்காகக் கொடுக்கச் சொன்னேன். உறைவு வராமல் போயிருந்தாலும் குற்றம் இதேதான்.

இதைவிடக் கேவலமான ஒன்று பாக்கி இருக்கிறது.

மாதக் கடைசியில் கேஸ் மீட்டிங். தலைமை மருத்துவர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார். “டிரானெக்சா ஏன் போட்டீங்க?” என்று கேட்டார். ஷீட்டில் அந்தப் பெண்ணின் கையெழுத்து. ‘2.20 மணி. கார்டு எட்டின்படி.’ என்னோடு பேசியது அதில் இல்லை. போனில் பேசுவதை எல்லாம் ஷீட்டில் ஏற்ற வேண்டாம் என்று டியூட்டி டாக்டர்களைப் பழக்கி வைத்திருந்தவன் நான்.

“கார்டுல இருந்தது சார்” என்றார் அவர். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

“கார்டு ஒரு கைகாட்டிதான். பக்கத்துல நிக்கிற டாக்டர்தான் யோசிக்கணும்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். வாய் திறக்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு யோசித்தவர் அவர் ஒருவர்தான். இனி செயலியைப் பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று அவருக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் வேலையை விட்டார். பி.ஜி. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கப் போவதாக எழுதிக் கொடுத்தார். அந்த வாரமே எட்டாம் கார்டை வளையத்திலிருந்து கழற்றினேன். யாரும் இல்லாத நேரத்தில். முப்பத்தொன்பது கார்டுகள் தொங்கின. ஒன்று குறைவது யார் கண்ணிலும் படவில்லை. மற்றவற்றையும் ஒரு மாதத்தில் எடுத்துவிட்டேன். பழசாகிவிட்டது என்று சொன்னேன். அதுவும் பாதிப் பொய்.

வருடங்கள் பொறுத்து, போன வருடம்தான் நிர்வாகத்துக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெண்ணின் எச்சரிக்கையைப் பதிவிலிருந்து நீக்கினார்கள். அவரை போனில் கூப்பிட்டுச் சொன்னேன். “நீங்க அந்த ட்ரயல படிச்சிருப்பீங்கன்னு அன்னைக்கே தெரியும் சார்” என்றார். வேறெதுவும் பேசவில்லை. மன்னிப்பதாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நோயாளியின் வீட்டுக்கும் போனேன். அவர் திண்ணையில் காலைத் தூக்கிவைத்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி முழுவதையும் நின்றபடி கேட்டார்.

“அந்த மருந்து போடலேன்னா காலு வீங்கியிருக்காதாங்கய்யா?”

“உறுதியா சொல்ல முடியாதும்மா. வீங்கியிருக்கலாம், வீங்காமலும் இருந்திருக்கலாம்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “தெரியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே” என்றார்.

2015-இல் நான் அழித்த வரி அதுதான்.

டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் ஒன்று. நான் எழுதிய கார்டுகளின் படம் இன்னமும் சில போன்களில் சுற்றுகிறது என்று கேள்விப்படுகிறேன். நீல ஓரம். வலது மூலையில் எண் எட்டு. ‘இரத்த வாந்தி’ என்ற தலைப்பு. ஆறாவது வரியில் ‘கொடுக்கவும்’ என்று இருக்கும். தேதி இருக்காது. உங்களிடம் இருந்தால் அழித்துவிடுங்கள்.